மீட்டர் காட்டிய நல்ல எண்

மாத்திரை முதலில் வந்ததா, பட்டினி முதலில் வந்ததா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது மாத்திரைதான் முதலில் என்றேன் நான். இரண்டும் ஒரே வாரத்தில் என்றான் என் தம்பி. கண் விழித்த பிறகு என் கணவர், பட்டினிதான் முதலில், அதுவும் தன் சொந்த யோசனை என்றார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவர் நினைவிலிருந்து சொன்னாரா, மச்சானைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. என் நினைவின்மேலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தம்பிமேல் அப்போது எனக்குக் கோபம் இருந்தது. கோபத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது.

என் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். இளம் வயதில் டவுன் பஸ்ஸில் நெரிசலோடு மல்லுக்கட்டி, பிறகு கஷ்டப்பட்டு வாங்கிய இடம் அது. நெடுஞ்சாலை ஏறியதும் வண்டி தானாகவே ஒரு சீருக்கு வந்துவிடும், அப்போது மனசும் வந்துவிடும் என்பார். வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிற வேலை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், சண்டை போட்டீர்களா என்று கேட்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. அப்படியே பழகிவிட்டோம்.

பல வருடம் உட்கார்ந்தே ஓட்டியதில் அவருக்குத் தொப்பை விழுந்தது, முட்டி வலி வந்தது, பின்னாலேயே சர்க்கரை வந்தது. டிப்போவில் வருடத்துக்கொரு முறை ஓட்டுநர்களுக்கு மெடிக்கல் என்று உடல் பரிசோதனை உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரைத் தொலைதூர வண்டியிலிருந்து இறக்கி, டைம் ஆபீஸிலோ வண்டி கழுவுகிற இடத்திலோ போட்டுவிடுவார்கள். போன தடவையே டிப்போ டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த முறையும் இப்படி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொல்ல இவருக்கு ஒரு மாதம் ஆனது.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அது பிழைப்புக்கு. மற்ற நேரமெல்லாம் ஓட்டம். ஒரு காலைக்கும் ஒரு மாலைக்கும் இடையில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓடிப்போகிற மாதிரியான பந்தயங்கள். முன்பு ஒரு பந்தயத்தில், வழியெல்லாம் கொடுத்த இனிப்புக் கூழைக் குடித்துக் குடித்து வயிறு புரண்டு சாலையோரம் விழுந்துவிட்டான். அதற்குப் பிறகு சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டான். முட்டை, மீன், கறி, கீரை, வெண்ணெய் மட்டும். வாரத்தில் சில நாள் அதுவும் கிடையாது. வெறும் வயிற்றோடு மலைப்பாதை ஏறி இறங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு எங்கள் வீட்டில் வந்து உட்காருவான். அவன் உடம்புக்கு அது ஒத்துக்கொண்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் கணவர் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்.

"என்ன ஒட்டகம், இன்னிக்கும் தண்ணி மட்டுந்தானா?"

"ஒட்டகம் ஓடிட்டு வந்திருக்கு அத்தான். நீங்க உட்கார்ந்துட்டே வந்திருக்கீங்க. யாருக்குப் பசிக்கணும், சொல்லுங்க."

"எனக்குத்தான் பசிக்குது. அவ்வளவு பெரிய வண்டிய யார் இழுத்துட்டு வர்றதாம்?"

"டீசல் இழுக்குது."

"பார்த்தியா, உன் தம்பிக்கு வாய் மட்டும் குறையவே மாட்டேங்குது" என்று என் பக்கம் திரும்புவார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது அவன் வருகிற நாட்களில்தான்.

அப்படி ஒரு நாளில்தான் தம்பி அவருக்கு டேங்க் கணக்கைச் சொன்னான்.

"உடம்புல ரெண்டு டேங்க் இருக்கு அத்தான். ஒண்ணு சின்னது. சோறு, ரொட்டி ஊத்துறது. இன்னொண்ணு பெருசு, கொழுப்பு. நீங்க சின்னதையே நிரப்பி நிரப்பி ஓட்டுறீங்க. பெருசோட குழாயத் திறக்கவே இல்லை."

"பெரிய டேங்க் எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியுது மச்சான்." அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "திறக்கறது எப்படி, அதைச் சொல்லு."

திறப்பது எளிது என்றான். மாவுப் பண்டத்தை நிறுத்தணும், நடுநடுவே சாப்பிடாமல் இருக்கணும். உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கும். எரிகிறது என்பதற்கு அடையாளமாக ரத்தத்தில் கீட்டோன் என்று ஒன்று ஏறும். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் மீட்டரில் எண்ணாகத் தெரியும். எண் கூடினால் எரிவது கூடுகிறது என்று அர்த்தம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி பொறுப்பில்லாதவன் இல்லை. "மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது, டாக்டர் சொன்னாத்தான். சாப்பிடாம மாத்திரை போட்டா சர்க்கரை கீழ போய் மயக்கம் வரலாம். வண்டி ஓட்டற ஆளு நீங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சர்க்கரையப் பாருங்க. இறங்கிச்சுன்னா உடனே சாப்பிடணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இவரும் தவறாமல் பார்த்தார். சர்க்கரை ஒருபோதும் ஆபத்தாக இறங்கவில்லை. அழகாக, கேட்ட இடத்தில் வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் கீழ்ப்பக்கத்தையே காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில் டிப்போ டாக்டர் மாத்திரையில் ஒன்றைக் கூட்டியிருந்தார். சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளுகிற மாத்திரை. சைரனுக்கும் அதையே கொடுத்தார்கள் என்று இவர் சொன்னார். சைரன் இவரோடு அதே தடத்தில் ஓட்டுகிறவர். தொண்டை அப்படி, அதனால் அந்தப் பெயர். அவர் ரகசியம் பேசினாலே பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டுநர்கள் வரிசையாக நிற்க, ஆளுக்குச் சில நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்புகிற இடம் அது. சாப்பாடு ஒழுங்காக உண்டா என்று டாக்டர் கேட்டாராம். உண்டு என்றாராம் இவர்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே இருந்தன. மறைக்க எதுவும் இல்லை. முகம் வடிந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். முட்டி வலி குறைந்தது. குறட்டை நின்றதில் எனக்குத்தான் முதலில் தூக்கம் வரவில்லை. அவருக்கு முட்டையும் மீனும் மேசையில் வைத்துவிட்டு, என் சோற்றை நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று. அதை அவர் கவனித்தார். ஒருநாள் நான் தட்டோடு நிற்கும்போது உள்ளே வந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு, என் தட்டைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர், பிறகு ஒரு வேளை மட்டும் என்று ஆனார். பிறகு ஒரு நாள் முழுக்க. வழியில் வண்டி நிற்கிற ஹோட்டலில் கண்டக்டர் சாப்பிடப் போக, இவர் வெந்நீர் டம்ளரோடு வண்டி பக்கத்தில் நிற்பாராம். கேட்டவர்களுக்கெல்லாம் டேங்க் கணக்கைச் சொன்னார்.

"சைரனும் ஆரம்பிச்சுட்டான்" என்றார் என்னிடம், ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி. "நான் சொல்லித்தான்."

தம்பியின் ஓட்டக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிறு காலை ஓடி முடித்துப் பூங்காவில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் விரலைக் குத்திக்கொள்வார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் ஒவ்வொருவருடைய கீட்டோன் எண்ணையும் சத்தமாகப் படிப்பார். குறைந்தவரிடம், நேத்து எந்தக் கல்யாணத்துக்குப் போனே என்பார்கள். கூடியவருக்குக் கைதட்டு. என் கணவர் விடுமுறை ஞாயிறுகளில் அவர்களோடு போய் இரண்டு சுற்று நடந்துவிட்டு, வட்டத்தின் ஓரமாக உட்காருவார்.

மெடிக்கலுக்கு முந்தைய ஞாயிறு நானும் கூடப் போனேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாட்டில் மூடியைத் திறக்கக் கை வராமல் என்னிடம் நீட்டினார். அதனால்தான் போனேன். அன்று அவர் நடக்கவில்லை, பெஞ்சிலேயே இருந்தார். குமட்டுகிறது என்றார்.

"உடம்பு மாறுது அத்தான். எல்லாருக்கும் வரும். உப்புத் தண்ணி குடிங்க, சரியாயிடும்" என்றான் தம்பி. அவனுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் வந்ததாம். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் வந்தது என்றார்கள்.

வாத்தியார் எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். என் கணவரின் மீட்டரை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு எண்ணைச் சொன்னார். தம்பியின் எண்ணைப்போல் பல மடங்கு.

"யப்பா. ஒட்டகத்தையே தோற்கடிச்சுட்டாரு பஸ் டிரைவர்."

"ஓடவே இல்லையே இந்த மனுஷன். சும்மா பெஞ்சுல உட்கார்ந்து ஜெயிச்சிருக்காரு."

கைதட்டினார்கள். தம்பி சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து உயர்த்தினான். இவரும் சிரித்தார். உதடு வெடித்து உலர்ந்திருந்தது. யாரோ படம் எடுத்தார்கள். சர்க்கரை எவ்வளவு என்று தம்பி ஒரு தடவை பார்த்தான். கொஞ்சம்தான் கூடுதல், மெடிக்கலில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள் என்றான்.

மதியம் வாந்தி ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. நான் வாயைத் துடைத்துவிடும்போது அவர் மூச்சில் ஒரு வாசனை வந்தது. அழுகப்போகிற பழமும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் கலந்த மாதிரி. தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். வந்ததும் மறுபடி சர்க்கரையைப் பார்த்தான்.

"சர்க்கரை நல்லாத்தான் இருக்கு அக்கா. வாசனை கீட்டோன் வாசனைதான், எனக்கும் வரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வேண்டாம்" என்றார் படுத்திருந்தவர். "ஆஸ்பத்திரியில சேர்ந்தா டிப்போவுக்குப் போயிடும். மெடிக்கல் முடியட்டும்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மீட்டரைப் பார்த்தான். எங்கள் வீட்டு மௌனம் எனக்குப் பழக்கமானது. அதற்குள் எது எங்கே இருக்கிறதென்று இருட்டிலும் தெரியும். அன்று அதில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. ஆழமாக, வேகமாக, ஒரே சீராக. நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன். தம்பிதான் தலையைத் தூக்கினான். கொஞ்ச நேரம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியதை அப்போது பார்த்தேன்.

"அக்கா, மலை ஏறி முடிக்கும்போதுதான் இப்படி மூச்சு வாங்கும்" என்றான். "இவரு படுத்திருக்காரே."

பிறகு அவன் எதையும் யோசிக்கவில்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். "விடுறா மச்சான், மெடிக்கல் இருக்குடா" என்று அவர் முனகியது மாடிப்படி முழுக்கக் கேட்டது.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர், வயது குறைந்தவர். சர்க்கரையைப் பார்த்துவிட்டு முதலில் அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி கீட்டோன் எண்ணைச் சொன்னான். காலையில் கைதட்டு வாங்கிய எண். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

கைப்பையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தனை நாளா சாப்பிடலை?"

சொன்னேன். எது முதல், எது பின் என்று அவர் கேட்டதும், நாங்கள் ஆளுக்கொன்று சொன்னதும் அப்போதுதான். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நர்ஸிடம் வேகமாக ஏதேதோ சொன்னார். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு வெளியே வந்து விளக்கினார்.

"இந்த மாத்திரை சர்க்கரையை யூரின்ல தள்ளிவிட்டுடும். அதனால மீட்டர்ல நல்லாத் தெரியும். சாப்பாடும் இல்லாம இதையும் போட்டா, கீட்டோன் அளவு மீறி ஏறி ரத்தம் அமிலமாயிடும். இன்சுலின் சரியா இருக்கிற ஆளுக்கு உடம்பே அதை நிறுத்திக்கும். இவருக்கு நிறுத்த முடியல. மாத்திரை போடறவங்க பட்டினி இருக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"



ஐசியூவின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். ஒரு கையில் இன்சுலின் இறங்கியது. இன்னொரு கையில் சர்க்கரைத் தண்ணீர் இறங்கியது. இரண்டும் சேர்ந்து போனால்தான் அமிலம் இறங்குமாம். தம்பி அந்தச் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவனிடம் சொல்ல என்னிடம் சில வார்த்தைகள் இருந்தன. சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்துக் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

டிப்போவுக்கு நான் போன் செய்து, வயிறு சரியில்லை, மெடிக்கலைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒத்துக்கொண்டார்கள். அவர் தேறி எழுந்து, வேறு மாத்திரையில் சர்க்கரையும் அடங்கிவிட்டால் எதுவும் வெளியே தெரியப்போவதில்லை. வண்டி அவருக்கே இருக்கும். அடுத்த நாள் காலை அவருக்கு நினைவு தெளிந்து வார்டுக்கு மாற்றியதும் முதலில் அதைத்தான் காதில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

"சைரனுக்குப் போன் போடு" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. சைரனுக்கும் அதே மாத்திரை, அதே பட்டினி.

"தம்பியை விட்டுச் சொல்லச் சொல்றேன். உங்க பேரு வேண்டாம். நீங்களே அவர்கிட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள டிப்போ முழுக்க ஒலிபரப்பாயிடும்."

"ஆகும்."

"அப்புறம் வண்டி போயிடும்ங்க."

"மச்சான் சொன்னா அவன் கேட்பானா? உப்புத் தண்ணி குடிச்சிட்டு வண்டிய எடுப்பான். எனக்கு என்ன ஆச்சுன்னு நானே சொன்னாத்தான் நிறுத்துவான்."

போன் என் கையில் இருந்தது. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த ஓட்டுநர் சீட்டுக்காக அவர் சாப்பிடாமல் கிடந்த நாட்களெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. சமையலறையில் நான் நின்று சாப்பிட்டதும் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அவர் தூங்கிவிடுவார் என்றுகூடத் தோன்றியது. எண்ணை அழுத்தி அவர் காதருகே பிடித்தேன். காதருகே பிடிக்கவே தேவையிருக்கவில்லை. சைரனின் குரல் வார்டுக்கே கேட்டது.

"என்னய்யா, வயித்தால போகுதாமே. ஒட்டகப் பாலு ஏதும் குடிச்சியா?"

"நீ இன்னிக்குச் சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட. நேத்திலேருந்து தண்ணிதான். உன் சிஷ்யன்ல."

"குமட்டுதா?"

"லேசா. உடம்பு மாறுதுன்னு நீதானே சொன்னே."

"எங்க இருக்கே?"

"வண்டியில. ஆளு ஏறிட்டிருக்காங்க, எடுக்கப் போறேன்."

என் கணவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை.

"எடுக்காதே. கீழ இறங்கு. நான் ஐசியூவுல கிடந்து வர்றேன். அந்த மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்த்துச்சு. சர்க்கரை மீட்டரை நம்பாதே, நல்லாத்தான் காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போ. கேக்குதா?"

அந்தப் பக்கம் முதல் முறையாகச் சத்தம் இல்லை. பயணிகள் ஏறுகிற காலடி மட்டும் கேட்டது. பிறகு என்ஜின் அணைந்தது.

சைரன் அன்று வண்டி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என் கணவருக்கு நடந்ததை டிப்போ முழுக்கச் சொன்னவர், தன்னைப் பற்றி மட்டும் காய்ச்சல் என்று சொன்னார். அவர் இன்றும் அதே தடத்தில் ஓட்டுகிறார். என் கணவருக்கு டிப்போ டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. டைம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று பிரித்துக் கொடுக்கிறார். வேறு மாத்திரை சாப்பிடுகிறார். சோறு கொஞ்சம் உண்டு, பட்டினி இல்லை, சர்க்கரை ஏறியும் இறங்கியும் இருக்கிறது. என் தம்பி அந்த வருடப் பந்தயத்தை ஓடி முடித்தான். இப்போதும் அப்படியேதான் சாப்பிடுகிறான், அவனுக்கு அதில் கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வருவான், அத்தான் எப்படி இருக்கீங்க என்பான், அவர் இருக்கேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை வட்டம் கலைந்துவிட்டது. நான் அதே கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன்.